இருநூற்றுப் பதிமூன்றாவது ஆள்

பொத்தானை அழுத்தியாயிற்று, இனிப் பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சுகந்தாமணிக்கு வேலை இல்லை, திரையின் நடுவில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருக்கும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது தன் போக்கில்தான் போகும், ஏழு பர்சன்ட், எட்டு, எட்டில் கொஞ்சம் நிற்கும், ஏனோ எப்போதும் எட்டில் நிற்கும், மூச்சு வாங்கிக்கொள்கிறது போலிருக்கிறது, வாங்கட்டும், கிரைண்டர் கம்பெனியில் வேலை செய்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய ஐந்து வருஷச் சம்பளத்தைத் தோண்டி எடுத்து, போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு, ஏறினது எத்தனை சதம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு என்றால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது. மணி பத்து ஐம்பது. பன்னிரண்டரைக்கு எம்.டி. ஏர்போர்ட் கிளம்புகிறார், மும்பையில் கண்காட்சி, அங்கிருந்து அகமதாபாத், திரும்பி வர இரண்டு வாரம், அதற்குள் சம்பளத் தேதி தாண்டிவிடும், அவர் கையெழுத்து இன்றைக்கு விழாவிட்டால் இந்த மாதம் ஒருத்தருக்கும் உயர்வு ஏறாது, கேன்டீனில் அவள் தலை தெரிந்தால் போதும், இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் எடுத்த ரிப்போர்ட்டில் சதவீதம் இருக்கிற கடைசிக் கட்டம் பக்கத்துக்கு வெளியே போய்விட்டது, அதனால் தாளைப் படுக்கவாட்டில் திருப்பி இரண்டாம் தடவை ஓட்டுகிறாள், ஓட்டும்போது ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுவிட்டுப் போன புது சாஃப்ட்வேரில் முன்பு இல்லாத ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது, நிறுத்தி வைக்கப்பட்ட பெயர்களையும் காட்டு என்று, டிக் செய்துவிட்டாள். காலியாக ஒரு கட்டத்தை விட்டுவைக்க அவளால் முடியாது. பேங்க் படிவத்தில் ஆண், பெண் இரண்டையும் டிக் செய்து திருப்பி வாங்கியவள். பதினேழு பர்சன்ட். அவளுடைய பெயர் எழுபதுக்குப் பக்கத்தில் வரும், ஒன்பது சதம், முதல் ரிப்போர்ட்டிலேயே பார்த்தாயிற்று, பார்க்கக் கூடாதென்று சட்டமில்லை, போடுகிறவளே அவள்தான், ஒன்பது என்றால் மாதத் தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுத்துவிடலாம், மயில் நீலத்தில், இனி வீட்டுக்காரர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பூட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் கேட் முன்னால் டிபன் பையோடு நிற்க வேண்டாம், ஹெல்மெட்டும் நீலத்தில் கிடைக்குமா, கிடைக்கும், எல்லா நிறத்திலும் விற்கிறான். காது சுடுகிறது. சந்தோஷம் வந்தாலும் காது, பயம் வந்தாலும் காது, அதைத்தான் இந்த ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"க்கா, காது செவந்திருக்குது," என்றாள் பக்கத்து மேஜையில் பி.எஃப். கணக்கு பார்க்கும் பெனிட்டா, தலையைத் தூக்காமலே. "எனக்கு ஆறா, ஏழா?"

"வெயிலுக்குச் செவக்குது. நீ உன் வேலையப் பாரு."

"ஏசி ஓடுதுக்கா."

ஏழரை என்று வாயில் வந்துவிட்டதை, டிராயரைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துப் போட்டு அடைத்தாள், வாயில் ஏதாவது இருந்தால் ரகசியம் வெளியே வராது, மூன்று வாரமாக இந்த வைத்தியம்தான், இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள். கீழே டெஸ்டிங் செக்ஷனிலிருந்து கிரைண்டர் ஓடுகிற சத்தமும் ஊறின உளுந்தின் வாசனையும் ஜன்னல் இடுக்கு வழியாக வருகின்றன, இங்கே ஒவ்வொரு புது மாடலையும் நிஜமாகவே மாவு ஆட்டித்தான் சோதிப்பார்கள், அந்த மாவு கேன்டீனுக்குப் போகும், அதனால் வருஷம் முழுக்கத் தோசை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆஹா என்றிருந்தது, இப்போது தோசைக்கல் சத்தம் கேட்டால் வீட்டில் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். எண்பது, தொண்ணூற்றொன்று, நூறு. ரிப்போர்ட் விரிந்தது. படுக்கவாட்டில் அழகாக, சதவீதக் கட்டம் சமர்த்தாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, அடியில் மொத்தம், இருநூற்றுப் பதிமூன்று. சரி. சரி என்று அச்சு பொத்தானுக்குப் போன கை நின்றது. பதிமூன்றா. மூன்று வாரமாகத் தூங்கும்போதும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று வைத்திருந்த எண், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், ஒரு ஆள் எங்கிருந்து ஏறினான், ரயிலில் ஏறினவன் மாதிரி. மேலிருந்து கீழே விரலை வைத்து இறங்கினாள், கதிர்வேல் ஆறு, காவேரியம்மாள் எட்டு, பெயர்கள் ஓட ஓட அவர்களின் முகங்களும் ஓடின, தங்கராசுக்கு ஏழு, அவன் மனைவிக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறது, நல்லது, ந வரிசை வந்தது, நடராஜ், நந்தினி, நாச்சிமுத்து. நாச்சிமுத்துவுக்கு நேரே சதவீதம் இல்லை. பூஜ்யம்கூட இல்லை, ஒரு சின்னக் கோடு. போன வருஷம் கோடு. அதற்கு முந்தின வருஷம் கோடு. ஐந்து வருஷமும் ஐந்து கோடு, பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக, ஹோல்டு, உயர்வை நிறுத்தி வை என்று.

நாச்சிமுத்து என்றால் டெஸ்டிங் நாச்சிமுத்து, கீழே இப்போது உளுந்து ஆட்டிக்கொண்டிருப்பவர், ஐம்பத்து மூன்று வயது, மாவை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து மோட்டாரின் குணத்தைச் சொல்லிவிடுவார். அவருக்கு இன்கிரிமென்ட் இல்லை என்பது ஊருக்கே தெரியும், அதுவல்ல விஷயம், ஏன் இல்லை என்பதும் ஊருக்கே தெரியுமே. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எம்.டி. கேரளத்து டீலர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு புது மாடலைக் காட்ட டெஸ்டிங்குக்கு வந்தார், எப்படிங்க நாச்சிமுத்து மெஷின் என்று எல்லார் முன்னாலும் பெருமையாகக் கேட்டார், நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டே, அரிசிக்கு ஓடுமுங்க, உளுந்துக்கு இந்த மோட்டார் தாங்காதுங்க என்று சொல்லிவிட்டார், டீலர்கள் சிரித்தார்கள், எம்.டி. முகம் மாறியது, அந்த ஏப்ரலில் நாச்சிமுத்துவுக்கு உயர்வு வரவில்லை. அடுத்த ஏப்ரலிலும் வரவில்லை. முதலாளியிடம் உண்மையைச் சொன்னதற்கு விலை என்று அவரே சொல்லுவார், வருத்தமாக அல்ல, ஒருவித மிடுக்காக, கேன்டீனில் தட்டைக் கழுவிவிட்டு வரும்போது நாலு பேர் விலகி வழி விடுவார்கள், இரண்டு பேருக்குள் தகராறு என்றால் நாச்சிமுத்தண்ணன் சொல்லட்டும் என்பார்கள், போன தையில் அவர் மகளுக்கு நிச்சயம் ஆனபோது மாப்பிள்ளையின் அப்பா, மொதலாளி மூஞ்சிக்கு நேரா பேசுன மனுசன் வீட்ல பொண்ணு எடுக்கறோம் என்று சபையில் சொன்னாராம், அதையும் இவள் கேட்டு, வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொல்லி, இருந்தா அப்படி இருக்கணும், நீங்களும் இருக்கீங்களே என்றாளே, சும்மா கடையில் உட்கார்ந்து பிளக் விற்றுக்கொண்டிருந்த மனிதரை.

ஆனால் ஹோல்டு போட வேண்டும் என்றால் ஒருத்தர் சொல்ல வேண்டும், ஒருத்தர் போட வேண்டும், போடுகிற அனுமதி இந்த மேஜைக்கு மட்டும்தான், ஐந்து வருஷமாக இந்த மேஜையில் இருப்பது அவள்தான், அவளிடம் யாரும் சொல்லவில்லை. கோட்டின்மேல் அம்பை வைத்ததும் ஒரு சின்னப் பெட்டி விரிந்து தேதியையும் பெயரையும் காட்டியது. ஏப்ரல் மூன்றாம் தேதி. பதிந்தவர் சுகந்தாமணி. ஏப்ரல் மூன்று, அதாவது அவள் வேலைக்கு வந்த இரண்டாம் நாள், ஸ்கூல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் புதிதாக வந்து, மவுஸை அணில்குஞ்சு மாதிரி பிடித்துக்கொண்டிருந்த நாள், பெரியவர் கனகசபை பின்னால் நின்றுகொண்டு சொல்லச் சொல்லப் பதிந்தாள், அவர் அந்த மாதக் கடைசியில் ரிட்டயர்டு, பல் செட் புதிது, பாதி வார்த்தை காற்றாகப் போகும், டெஸ்பாட்ச் நாச்சியப்பன் வேலைய விட்டுப் போறாரும்மா, ஹோல்டு போட்டுருங்க என்றார், ஆமாம், நாச்சியப்பன், இப்போது துல்லியமாகக் கேட்கிறது, அன்றைக்கு நாச்சி வரைக்கும்தான் கேட்டது, ந வரிசையில் நாச்சி இரண்டு, நாச்சிமுத்துவுக்கு எதிரே காலியாக ஒரு கட்டம் இருந்தது, டிக் செய்தாள். நாச்சியப்பன் மாதக் கடைசியில் போய்விட்டார், போனவரைப் பற்றி யார் கேட்பார்கள். ஹோல்டு ஆனவர்களை ரிப்போர்ட் காட்டாது. சூப்பர்வைசருக்குப் போகிற மதிப்பெண் பட்டியலும் இதிலிருந்து வருவதால் அதிலும் பெயர் இருக்காது. சூப்பர்வைசர் எம்.டி. நிறுத்தினார் என்று நினைத்தார், நாச்சிமுத்து எம்.டி. நிறுத்தினார் என்று நினைத்தார், பஞ்சப்படி மட்டும் எல்லாரோடும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்ததால் சம்பளம் அசைந்துகொண்டேதான் இருந்தது, யாரும் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. கடலை மிட்டாய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எடுக்க வரவில்லை.

அந்த டிக்கை இப்போது எடுத்துவிட்டால் என்ன. ஒரு கிளிக். ஆறாவது ஏப்ரலில் நாச்சிமுத்துவுக்கு ஏழோ எட்டோ வந்துவிடும், எம்.டி. மனம் இறங்கிவிட்டார் என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், அவரும் சந்தோஷப்படுவார், யாருக்கும் நஷ்டமில்லை, ஐந்து வருஷம் தவிர. ஐந்து வருஷம் எவ்வளவு இருக்கும், அடிப்படை பதினாலாயிரத்து இருநூறு, வருஷத்துக்கு ஏழு வைத்தாலும், வட்டிக்கு வட்டி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வேண்டாம், கால்குலேட்டரை எடுக்காதே, எடுத்துவிட்டாள், இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மகள் கல்யாணம் ஆவணியில். டிக்கை எடு, பேசாமல் இரு, கிளிக். சொன்னால் வேலை போகுமா, போகாது, போகலாம், ஒன்பது சதம் போகும், நிச்சயம் போகும், மயில் நீல ஸ்கூட்டர் வந்த வழியே திரும்பிப் போகிறது, ஹெல்மெட்டும் பின்னாலேயே. போலீஸ் வருமா. எதற்குப் போலீஸ், மவுஸைப் பிடித்துக்கொண்டு போகவா. சிரிப்பு வந்தது. டிக்கை எடு. இந்த யோசனை ஒரு சுற்று சுற்றி மறுபடி கிளிக்கிலேயே வந்து நின்றது, கிரைண்டர் கல் மாதிரி, சுற்றுகிறது, அதே இடம், சுற்றுகிறது, அதே இடம், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் மாவு கொஞ்சம் மசிகிறது. நல்லவளாக இருந்து முடிவெடுத்தாள் என்று சொல்ல முடியாது. காதை நினைத்தாள். நாளைக்கு நாச்சிமுத்து மாடி ஏறி வந்து, ஏனுங் மேடம், இந்தத் தடவ வந்துருச்சுங்க என்று சிரித்தால் இந்த இரண்டு காதும் என்ன செய்யும், பற்றி எரியும், பெனிட்டா ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுவாள். அப்படி வருஷா வருஷம் எரிய முடியாது. சொல்லிவிடுவது சுலபம். யாரிடம் முதலில். எம்.டி.யிடம் என்பது முறை, ஆனால் திட்டுவதாக இருந்தால் திட்டுகிற முதல் உரிமை நாச்சிமுத்துவுடையது. மணி பதினொன்று இருபது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி இறங்கினாள், இருபத்திரண்டு படி, இருபத்திரண்டுமே தேவைக்கு மேல் சீக்கிரம் முடிந்துவிட்டன.

டெஸ்டிங்கில் நாலு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து மூன்றாவதன்மேல் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், குழந்தை நெஞ்சில் சளி இருக்கிறதா என்று பார்க்கிற டாக்டர் மாதிரி.

"வாங்க மேடம். மாவு வேணுமுங்ளா?"

"மாவு வேண்டாமுங்ணா. ஒண்ணு சொல்லோணும். நீங்க மெஷின நிறுத்திருங்க."

"ஓடட்டுமுங்க. நீங்க சொல்லுங்க, எனக்குக் கேக்குமுங்."

சொன்னாள். கனகசபையின் பல் செட்டிலிருந்து ஆரம்பித்து, நாச்சியப்பனைச் சொல்லி, கட்டத்தைச் சொல்லி, டிக்கைச் சொல்லி, நாந்தானுங்ணா, என் கைதானுங் என்று முடித்தபோது பேச்சு தீர்ந்து மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து மாவில் இருந்த கையை எடுக்கவில்லை. திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் நாலாவது கிரைண்டரைப் பார்த்தார், அதில் பதில் எழுதியிருக்கிறது போல.

"அப்ப எம்.டி. கோவிச்சுக்கலீங்ளா?"

"தெரியலீங்ணா. கோவிச்சிருந்தாலும் சம்பளத்துல கை வெக்கலீங்க. அது நாந்தான்."

"கோவமே இல்லாமக்கூட இருந்திருக்கலாமுங்ளா?"

"இருந்திருக்கலாமுங்."

அவர் கையை எடுத்துத் தண்ணீரில் விட்டார். "அஞ்சு வருசமா அவரு இந்தப் பக்கம் வந்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னனுங்க மேடம். ஒரு நாள் வணக்கம்னாருங்க. நான் மோட்டாரப் பாத்துக்கிட்டு நின்னுட்டனுங்." கையைத் துடைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், விரலிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டியது. "அந்த மனுசன் என்ன நெனச்சிருப்பாரு? இவனுக்கு என்ன கேடுன்னு நெனச்சிருப்பாரு."

பணத்தைப் பற்றிப் பேசுவார் என்று அவள் காத்திருந்தாள், தானே சொல்லிவிட்டாள், பாக்கி எல்லாம் வரும்ங்ணா, எப்படியும் வாங்கித் தந்துருவேன் என்று, எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தலையாட்டினார், சந்தோஷம்தான், தொகையைக் கேட்டதும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார், ஆனால் கையிலிருந்த ஏதோ ஒன்றை யாரோ வாங்கிக்கொண்டது போல நின்றார், அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, ஐந்து வருஷமாக அவர் எடுத்துக்கொண்டு நடந்த பெருமையை இவள் கணக்குப் பிழையாக்கிவிட்டாள், இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்கிறாள். உண்மையைச் சொன்னது உண்மைதானே என்று நினைத்தாள், அன்றைக்கு உளுந்துக்குத் தாங்காது என்று அவர் சொன்னது நடந்தது, டீலர்கள் சிரித்தது நடந்தது, நடக்காதது தண்டனை மட்டும், ஆனால் தண்டனையைப் பார்த்துத்தானே கேன்டீனில் வழி விட்டார்கள்.

"லெட்டரு குடுப்பீங்கல்லங்க? காரணம் போட்டு?" என்றார் மெதுவாக.

"ஆமாங்ணா. சாஃப்ட்வேர் கேக்கும்."

"பொய் போட வேண்டாமுங்க. உண்மைக்குத்தான் பேரு வாங்கியிருக்கறன். ஆனா டைப்பு அடிக்கறப்ப கை தவறீருச்சுன்னு போட்டீங்கன்னா, எங்கூட்ல படிப்பாங்க, சம்பந்தி படிப்பாரு." முடிக்காமல் மூன்றாவது கிரைண்டரின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க பாத்துச் செய்யுங்க மேடம்."

எம்.டி. அறையில் பெட்டி கட்டி வைத்திருந்தது. ஐம்பது வயது மனிதர், சத்தமாகப் பேசமாட்டார், அதுதான் கூடுதல் பயம், சத்தம் போடுகிறவர்களிடம் எங்கே முடியும் என்று தெரியும். இந்தத் தடவை பல் செட்டை விட்டுவிட்டு நேராக ஆரம்பித்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார். நாச்சிமுத்துவா என்றார். ஆமாங் சார். அஞ்சு வருஷமா. ஆமாங் சார். யார் போட்டது. நாந்தானுங் சார். காது இரண்டும் தனியாகக் கழன்று ஜன்னல் வழியாகப் போய்விடும் போலிருந்தது, போனால் நல்லது. அவர் மேஜைமேல் இருந்த சின்ன கிரைண்டர் பொம்மையின் உருளையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அந்த மோட்டார் ஞாபகம் இருக்குங்களா உங்களுக்கு? நீங்க அப்பத்தான் வந்தீங்க. ஆறு மாசத்துல நூத்தி எம்பது மெஷின் திரும்பி வந்துச்சு. பூராம் உளுந்துல புகைஞ்சது. அவர் சொன்னது சரிங்கன்னு சொல்லலாம்னு ரெண்டு தடவ கீழ போனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். சரி, அன்னிக்கே கேக்கலீன்னு கோவம்போலன்னு விட்டுட்டேன். அப்பறம் டெஸ்டிங் பக்கமே போறதில்ல." எழுந்தார். "பாக்கி முழுக்கப் போட்டுருங்க. பன்னண்டேகாலுக்குள்ள ரிப்போர்ட் வேணும்."

"என்னோட ஒம்பதுங் சார்," என்றது அவள் வாய். கடலை மிட்டாய் இல்லாத நேரம் பார்த்து.

"ஒம்பதுக்கு என்ன?"

"எடுத்துருவீங்களான்னு."

"தப்பக் கண்டுபிடிச்சதும் நீங்க, சொன்னதும் நீங்க. இருக்கட்டும். ஆனா இனி ஹோல்டு பட்டியல வருஷா வருஷம் என் கையில குடுங்க." கதவருகில் நின்று, "டிரைவர இருக்கச் சொல்லுங்க, நான் கீழ போயிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஓட்டமாக வந்து உட்கார்ந்தாள், க்கா என்னாச்சு என்ற பெனிட்டாவுக்குக் கையை மட்டும் காட்டினாள், டிக்கை எடுத்தாள், ஐந்து ஏப்ரலுக்கும், இந்த ஏப்ரலுக்கும் சேர்த்து, சராசரி ஏழைப் பதிந்தாள், பாக்கித் தொகை தானாகவே வந்து விழுந்தது, ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம், கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. காரணம் என்று கேட்டது. வருடாந்திர உயர்வு, பதவி உயர்வு, இதர. இதர. நாற்பது எழுத்துக்குள் எழுதவும் என்று ஒரு கோடு கண்ணடித்துக்கொண்டு நின்றது. தட்டச்சுப் பிழை என்று அடித்தாள், உண்மை, அழித்தாள். எழுத்தரின் கவனக்குறைவு, அதுவும் உண்மை, சம்பந்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார், க, வ, ன, அழித்தாள். ஜன்னல் வழியே கீழே பார்த்தாள், மூன்றாவது கிரைண்டருக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து, இந்தப் பக்கம் எம்.டி., சட்டைக் கையை மடித்துவிட்டு மாவுக்குள் இரண்டு விரலை விட்டிருந்தார், என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, நாச்சிமுத்து எதையோ சொல்லி வேகமாகத் தலையாட்டினார், எம்.டி. சிரித்தார், நாச்சிமுத்து சிரிக்காமல் நின்று, ஒரு நொடி கழித்து, மிச்சம் வைத்திருந்ததைச் செலவு செய்கிற மாதிரி சிரித்தார். பொய் வேண்டாம், ஆனால் உண்மையை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று ஒன்று இருக்கிறதே, ஒரே அண்டாவை எந்தக் காதைப் பிடித்தும் தூக்கலாம். சம்பளச் சீட்டில் அவள் எங்கே கையெழுத்துப் போடுகிறாள், நிர்வாகத்துக்காக என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே, மாதத்துக்கு இருநூறு தடவை போடுகிறாள், அப்படியானால் சரியாகப் போடும்போது நிர்வாகமாக இருப்பவள் தப்பாகப் போடும்போது மட்டும் சுகந்தாமணி ஆகிவிட முடியுமா. முன்பு வேலை பார்த்த ஸ்கூலில் லீலாவதி டீச்சர் சொல்லுவாள், மணி, நீ வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று, படித்திருந்தால் கறுப்புக் கோட்டு, கோயம்புத்தூர் வெயிலுக்கு, வேண்டவே வேண்டாம். அடித்தாள். எண்ணினாள். இடம் மிச்சமிருந்தது. பொத்தானை அழுத்தினாள். எட்டில் நின்றது, நிற்கட்டும், அவளும் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு எம்.டி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார், விரல் நகத்தில் மாவு காய்ந்திருந்தது. ந வரிசையில் பேனா நின்றது.

"கவனக்குறைவு உங்களது. தவறு நிர்வாகத்தோடதுங்களா?"

"நிர்வாகத்துக்காகன்னுதானுங் சார் நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் அவளைப் பார்த்தார், அவளுடைய காதையும் பார்த்திருப்பார். "பழைய மோட்டாரையும் சேத்துக்கிட்டா கணக்கு சரியாத்தான் வருது," என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்து மாடி ஏறி வந்தார், கையை முழங்கை வரை கழுவி, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். கடிதம் இன்னும் சூடாக இருந்தது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குப் போய், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, உதடு அசையப் படித்தார், தொகையை ஒரு தடவை, அதற்குக் கீழே இருந்த வரியை இரண்டு தடவை.

"நிர்வாகத்தின் தவறு, திருத்தப்பட்டது," என்றார். "இதுல பொய்யேதும் இல்லீங்களே மேடம்?"

"ஒரு எழுத்துகூட இல்லீங்ணா."

கடிதத்தை நாலாக மடித்தார். மடிப்பு அந்த வரியின்மேல் விழுவதைப் பார்த்துப் பிரித்து, வரி மேலாகத் தெரிகிற மாதிரி மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்கூட்டு அம்மிணி சத்தமாப் படிப்பாளுங்க," என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். "பக்கத்து ஊட்டுக்கும் கேக்குமுங்."